கண், காது, கைகால்: வணிக வாகன ஓட்டுநரின் மருத்துவச் சான்றில் மூளைக்கு இடம் எங்கே?

வலிப்பு நோய் உள்ளவர் இந்தியாவில் வாழ்நாள் முழுதும் வண்டி ஓட்ட முடியாது, சட்டம் அதைத் தடுக்கிறது என்பது மருத்துவ எழுத்திலும் சட்ட எழுத்திலும் ஏறக்குறைய முடிந்த முடிவாகவே வழங்கி வருகிறது. அதன்மேல் நடக்கும் விவாதமும் ஒரே தடத்தில் போகிறது. தடை மிகக் கடுமையானது, வலிப்பு வராத காலம் இத்தனை மாதம் அல்லது இத்தனை ஆண்டு என்று வரையறுத்துத் தளர்த்த வேண்டும் என்பார்கள். காலக்கெடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தடை எழுதப்பட்டிருக்கும் இடத்தைத் தேடிப் போனால் நடப்புச் சட்டத்தில் அது அகப்படுவதில்லை.

அது இருந்த இடம் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். ஓட்டுநர் உரிமம் பெறுவதை முற்றாகத் தடுக்கும் நோய்களை அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரிசைப்படுத்தியது. வலிப்பு முதலில் நின்றது, அடுத்துப் பித்து, அதன்பின் திடீர் மயக்கம் தரக்கூடிய இதய நோய். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படியொரு அட்டவணை இல்லை. அதன் 8(4) பிரிவு எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை. விண்ணப்பத்திலிருந்தோ மருத்துவச் சான்றிலிருந்தோ, விண்ணப்பித்த வகை வாகனத்தை அவர் ஓட்டுவது பொதுமக்களுக்கோ பயணிகளுக்கோ ஆபத்தாகக்கூடும் என்று தெரிந்தால் உரிமத்தை மறுக்க வேண்டும் என்கிறது. பழைய அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டு புதிய சட்டத்தைப் படித்ததால்தான், இல்லாத தடை இன்னும் இருப்பதுபோல் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். விண்ணப்பித்த வகை வாகனம் என்ற சொற்களும் கவனிக்கத்தக்கவை. ஸ்கூட்டருக்கு ஒரு முடிவும் பதினாறு சக்கர லாரிக்கு வேறு முடிவும் எடுக்க இந்தப் பிரிவே இடம் தருகிறது.

அப்படியானால் வலிப்பு இப்போது எங்கே இருக்கிறது? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளோடு வந்த இரண்டு படிவங்களில் தேட வேண்டும். படிவம் 1 விண்ணப்பதாரர் தம் உடல்தகுதி பற்றித் தாமே தரும் உறுதிமொழி. படிவம் 1-அ மாநில அரசு நியமித்த அல்லது அதிகாரம் அளித்த மருத்துவர் தரும் சான்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொரு காட்சி புலப்படுகிறது.

படிவம் 1இன் முதல் கேள்வி விண்ணப்பதாரரிடம் வலிப்பு உண்டா, அல்லது எக்காரணத்தாலாவது திடீர் நினைவிழப்போ தலைச்சுற்றலோ வருவதுண்டா என்று கேட்கிறது. பார்வை, கைகால், நிறம், மாலைக்கண், செவி ஆகியவற்றைக் கடந்து, கடைசிக் கேள்வி ஒரு வலையை வீசுகிறது: ஓட்டுவதைப் பொதுமக்களுக்கு ஆபத்தாக்கக்கூடிய வேறு நோயோ குறைபாடோ உண்டா? மனநோய், நடுக்குவாதம், மறதிநோய், தூக்கத்தில் மூச்சுத்தடை எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் அடங்க வேண்டும். படிவத்தின் அடிக்குறிப்பு யாரும் மேற்கோள் காட்டாத ஒன்றைச் சொல்கிறது. இக்கேள்விகளுக்கு ஆம் என்று விடை தருபவர் முழு விவரமும் தர வேண்டும், மேற்கொண்டு தகவலும் கேட்கப்படலாம். ஆம் என்றதும் விண்ணப்பம் தள்ளுபடி என்று அங்கே எழுதியிருக்கவில்லை. விசாரித்து முடிவெடு என்பதே அதன் போக்கு. வாழ்நாள் தடை வாதத்தை ஏற்பவர்கள் இந்த அடிக்குறிப்புக்கு ஏதேனும் பொருள் சொல்லியாக வேண்டும். என் பார்வைக்கு வந்தவரை யாரும் சொல்லவில்லை.

இனி மருத்துவரின் படிவம் 1-அ. பார்வைக் குறை உண்டா? 25 மீட்டர் தூரத்தில் நல்ல பகல் வெளிச்சத்தில் வாகன எண் பலகையைப் படிக்க முடிகிறதா? நிறம் தெரிகிறதா? ஒலிப்பானின் சத்தம் கேட்காத அளவு செவிடா? மாலைக்கண் உண்டா? ஓட்டுநர் வேலைக்கு இடையூறான உறுப்புக் குறை உண்டா? பிறகு விருப்பமிருந்தால் இரத்த வகை. கடைசியில் மருத்துவர் கையெழுத்திடும் உறுதிமொழி: தூரப் பார்வை, கேட்கும் திறன், கைகள், கால்கள், மூட்டுகள் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்திப் பரிசோதித்தேன், இவர் தகுதியானவர் அல்லது தகுதியற்றவர். வலிப்பு பற்றிக் கேள்வி இல்லை. நினைவிழப்பு பற்றி இல்லை. மனநலம் பற்றி இல்லை. உட்கொள்ளும் மருந்து பற்றியும் இல்லை. நோய்களிலேயே மருத்துவ அறிவு மிகவும் தேவைப்படுபவற்றைச் சட்டம் மருத்துவரிடம் கேட்காமல், நோயாளியிடம் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

தகுதியானவர் என்ற இறுதிச் சொல் முழு உடலையும் தழுவும், மூளையும் அதில் அடங்கும் என்று ஒரு மறுப்பு வரலாம். விண்ணப்பதாரரின் உறுதிமொழி சான்றோடு இணைக்கப்படுவதால் மருத்துவரும் அதைப் பார்க்கிறாரே என்றும் சொல்லலாம். இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தனிக் கவனம் செலுத்த வேண்டிய உறுப்புகளைப் பெயர் சொல்லி அடுக்கிய பிறகு, சொல்லாமல் விட்டதையும் அதே அக்கறையோடு பார்த்திருப்பார் என்று வாதிடுவது கடினம். வலிப்பு உடலைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் நோயும் அல்ல. இரண்டு வலிப்புகளுக்கு இடையே ஆள் எல்லாரையும் போலவே இருப்பார். மூளை மின்னலைப் பதிவும் அப்போது சரியாகவே இருக்கக்கூடும். ஆகவே எல்லாருக்கும் இ.இ.ஜி. எடுத்துவிட்டால் தீர்ந்தது என்ற யோசனையை இங்கேயே ஒதுக்கிவிடலாம்.

நோயைக் கண்டறிய மருத்துவருக்கு முதன்மையாக வேண்டியது நேரில் பார்த்தவரின் வாக்குமூலம். அந்தச் சாட்சி யார் என்பதைத் தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். தீப்பெட்டித் தொழில் நடக்கும் கரிசல் பகுதி, பக்கத்தில் சிவகாசி. லோடு ஏற்றிய லாரி திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744ஐப் பிடித்து, தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் இறங்கும். எல்லா வலிப்பும் ஆளைத் தரையில் தள்ளி உதறுவதில்லை. ஒரு வகையில் கண் ஓரிடத்தில் நிலைத்துவிடும், வாய் சப்புக்கொட்டும், கை ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டேயிருக்கும். சில நொடியிலோ ஒன்றிரண்டு நிமிடத்திலோ தெளிந்துவிடும். நடந்தது ஓட்டுநருக்கு நினைவிருக்காது. பார்த்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் மட்டும்தான். அண்ணன் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருந்தாரு என்பார் அவர். படிவம் 1 கேள்வி கேட்பது அந்த நினைவு இல்லாதவரிடம். நினைவிருப்பவருக்குக் கேள்வியே இல்லை. கிளீனர் வைக்கக் கட்டுப்படியாகாமல் ஒற்றை ஆளாக ஓட்டும் வண்டிகளில் அந்தச் சாட்சியும் கிடையாது.

மனநோயில் இதே கோளாறு வேறு வடிவில் வருகிறது. கடைசிக் கேள்வி நோய் உண்டா என்பதோடு நிற்காமல், அது ஆபத்தாகக்கூடியதா என்ற மதிப்பீட்டையும் விண்ணப்பதாரர் தலையில் வைக்கிறது. மிகை எழுச்சி (மேனியா) நிலையில் இருப்பவர் தன்னைவிடச் சிறந்த ஓட்டுநர் ஊரில் இல்லை என்று மனமார நம்புவார். தமக்கு நோய் இருப்பதையே உணராதிருப்பது கடும் மனநோய்களில் அடிக்கடி காணப்படும் கூறு. அவர் இல்லை என்று எழுதினால் அது பொய்யுமல்ல. மறுபுறம், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு நன்றாகத் தேறிய ஒருவர் பயந்து ஆம் என்று எழுதிவிடக்கூடும். மனநோய் இருப்பதை வைத்து மட்டும் ஒருவரைச் சித்தம் கலங்கியவராகக் கொள்ளக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 1939இன் பித்து என்ற சொல் போய்விட்டது. அதன் இடத்துக்கு ஒரு மருத்துவ அளவுகோல் மட்டும் இன்னும் வரவில்லை. தூக்கம் வரவழைக்கும் மனநல மருந்தின் அளவை மாற்றிய புதிதில் இரவு ஓட்டலாமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டிய பதில்.

இந்த அமைப்பில் மிகவும் வருந்தத்தக்கது, அது சிகிச்சையைத் தண்டிக்கிறது என்பதுதான். ஆபத்தான நோய் தமக்கு இருப்பதை அறிந்தே பொது இடத்தில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அறிந்தே என்பதுதான் அதன் உயிர்நாடி. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறை 1,000 ரூபாய் வரை, அடுத்த முறை 2,000 ரூபாய் வரை அபராதம். அபராதத் தொகை அற்பம், விளைவு அற்பமல்ல. மருத்துவரிடம் போகாதவர் அறியாதவர், ஆகவே குற்றமற்றவர். போய், பெயர் தெரிந்து, சீட்டு வாங்கியவர் அறிந்தவர். வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காடு வரை முறையான மருந்தால் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படி வாழ வாய்ப்புள்ள ஓட்டுநரை அரசு மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து விரட்டும் சட்டம் யாரைக் காக்கிறது? ராத்திரி சரியாச் சாப்பிடலை, பித்த மயக்கம் என்று சொல்லி அவர் தப்பித்துக்கொள்வார். சட்டப்படி அதுவும் பயனில்லை, எக்காரணத்தாலும் வரும் மயக்கம் அந்த முதல் கேள்விக்குள்ளேயே அடங்குகிறது. ஆனால் படிவத்தைப் பெரும்பாலும் வேறு யாராவது நிரப்பிக் கொடுக்க, கையெழுத்து மட்டும் போடும் ஊரில் இந்த நுணுக்கம் யாருக்குத் தெரியப்போகிறது?

உரிமம் தந்த பிறகு சந்தேகம் வந்தால் என்ன செய்வது? 16ஆம் பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு எப்போது வேண்டுமானாலும் மருத்துவச் சான்று கேட்கவும், உரிமத்தை ரத்து செய்யவும் அதிகாரம் தருகிறது. கேட்கும் சான்று எந்த வடிவில் இருக்க வேண்டும்? 8(3) பிரிவு சொன்ன அதே வடிவில், அதாவது மீண்டும் படிவம் 1-அ. வண்டியோட்டும்போது நினைவிழந்தார் என்ற சந்தேகத்தின் பேரில் ஒருவரை அனுப்பினால், எண் பலகையைப் படிக்கிறார், ஹாரன் கேட்கிறது, கைகால் சரியாக இருக்கிறது என்று சான்று திரும்பி வரலாம். மருத்துவர் தம் பொறுப்பில் கூடுதலாக எழுதலாம்தான், எழுதுபவர்களும் இருக்கக்கூடும். படிவம் அவரிடம் அதைக் கேட்பதில்லை.

காலக்கெடு மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டுச் சான்று உண்டு. பிரிட்டனில் லாரி, பேருந்து ஓட்ட, மருந்தில்லாமல் பத்தாண்டு வலிப்பின்றி இருக்க வேண்டும். கார் ஓட்ட ஓராண்டு போதும். அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே ஓடும் வணிக வாகனங்களுக்கு வலிப்பு நோய் தடையாக இருந்தாலும், எட்டாண்டு வலிப்பின்றி இருப்பவருக்கு, மருந்து எடுத்தாலும், தனி விலக்கு கிடைக்கிறது. இத்தனை கண்டிப்பான பிரிட்டனில்தான் 2014 டிசம்பர் 22 அன்று கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஓட்டியவர் மயங்கி, வண்டி நடைபாதையில் ஏறி ஆறு பேர் இறந்தார்கள். அது வலிப்பு அல்ல, சாதாரண மயக்கம். ஆனால் 2010இல் பேருந்து ஓட்டுநராக இருந்தபோதே அவர் நினைவிழந்ததும், பிறகு சேர்ந்த வேலையில் அதை மறைத்ததும் விசாரணையில் வெளிவந்தன. எத்தனை ஆண்டு என்ற கணக்கு, உண்மையைச் சொல்லும் வழி திறந்திருந்தால்தான் வேலை செய்யும்.

அந்த வழி ஏன் அடைபட்டிருக்கிறது என்பதற்கு விடை வயிற்றில் இருக்கிறது. அரசுப் பேருந்து ஓட்டுநர் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு அவரை வேலையைவிட்டு அனுப்பத் தடை போடுகிறது, ஊதியம் குறையாமல் வேறு பணி தரச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் மனநோய் உண்டு, நடுக்குவாதம் உண்டு, வலிப்பு பெயர் சொல்லி இல்லை. பார்வை குறைந்த பேருந்து ஓட்டுநர்களுக்கு மாற்று வேலையோ இழப்பீடோ தர வேண்டும் என்று ஆனந்த் பிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொன்னது. திருவேங்கடத்து லாரி ஓட்டுநருக்கும், சீசனில் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுநருக்கும் இவற்றில் எதுவும் பொருந்தாது. பேட்ஜ் போனால் அடுப்பு அணையும். அந்தப் பிழைப்பே நோயையும் கிளறிவிடுகிறது. தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவ உலகில் ஐயமற்ற செய்தி. ஆனால் நாளைக்கு எட்டு மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த வரம்பு, இரவு லோடு பிடிக்கும் வண்டியில் யாருக்கு நினைவிருக்கிறது?

தடை என்ற பேச்சை விட்டு மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினால் தகுதியில்லாதவர்கள் உரிமம் பெற்றுவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இன்று அவர்கள் கேள்வியில்லாமலே பெறுகிறார்கள்.

படிவத்தை மாற்ற முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. இலேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்கள் உரிமம் பெற முடியாமல் இருந்த நிலையை, மருத்துவ வல்லுநர் கருத்தைக் கேட்டு, 2020 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் படிவம் 1, படிவம் 1-அ இரண்டையும் திருத்தி மாற்றியது. அதே வழியில் போக்குவரத்து வாகனங்களுக்கான படிவம் 1-அவில் நினைவிழப்பு வரலாறு, உட்கொள்ளும் மருந்து, நேரில் பார்த்தவர் சொன்ன விவரம் ஆகிய மூன்றையும் மருத்துவரிடமே கேட்க வேண்டும். ஆம் என்று வந்தால் நரம்பியல் அல்லது மனநல மருத்துவர் இருக்கும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். 16ஆம் பிரிவில் கேட்கும் சான்றும் அந்தக் குழுவிடமிருந்தே வர வேண்டும். உரிமம் நிறுத்தப்படும் காலத்துக்கு உதவித்தொகை தர, அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த மருத்துவர் சான்று தரலாம் என்று தீர்மானிப்பது மாநில அரசு, ஆகவே குழுவைத் தென்காசியில் அமைக்க டெல்லிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. படிவத்தைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதும் இல்லை, அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.