பனை மரமா, புல்லா? ஒரு பால பாடத்தின் கதை

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறி, வில்லிவாக்கம் கடந்ததும் மேற்குப் புறநகரின் ஊர்ப்பெயர்களைச் சற்றே உற்று நோக்குங்கள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயில். ஆவடியை ஒட்டிப் பருத்திப்பட்டு. இன்னும் மேற்கே சென்றால் வேப்பம்பட்டு. இருப்புப்பாதையை விட்டுத் தெற்கே இறங்கினால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்து அத்திப்பட்டு, அப்பால் திருவேற்காடு, பூந்தமல்லிக்கு அருகே மாங்காடு. முல்லை கொடி, பருத்தி செடி, வேம்பும் அத்தியும் வேலும் மாவும் மரங்கள். தொடக்கப் பள்ளியில் தாவரங்களைப் பற்றி முதன்முதலாகக் கற்பிக்கப்படும் பாடம் எதுவோ, அதுவே இங்கே ஊர்ப்பெயர்ப் பலகைகளாக நிற்கிறது. இப்பெயர்கள் ஒவ்வொன்றின் காரணத்தையும் கல்வெட்டுக் காட்டி நிறுவுதல் அரிது; பெயர்க்காரணம் சொல்வது நம்மவர்க்கு இனியதொரு பொழுதுபோக்கு என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், செடிகொடிகளைக் கொண்டே தம் நிலத்தை அடையாளம் கண்ட மக்கள் இங்கு வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை.

இவற்றுள் திருமுல்லைவாயில் தன் கதையை விரிவாகவே சொல்கிறது. குறும்பர்மீது படையெடுத்த தொண்டைமானின் யானைக்காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் அதனை வெட்டியபோது உள்ளே மறைந்திருந்த இலிங்கத்தின்மீது வெட்டு விழுந்தது என்பது மாசிலாமணீசுவரர் கோயிலின் தலவரலாறு. சுந்தரர் பாடிய தலம் இது. கருவறைக்கு முன்னுள்ள இரண்டு தூண்களும் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்ட எருக்கந்தூண்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எருக்கோ, ஆளுயரத்தை விடச் சற்றுக் கூடுதலாக வளரும் புதர்ச்செடி. கிள்ளினால் பால் வடியும். தூணுக்கு ஆகும் அளவுக்குத் தண்டு பருப்பதில்லை. அத்தூண்கள் எந்த மரத்தால் ஆனவை என்று ஆராய்வது நம் நோக்கமன்று. 'எருக்கு எப்படித் தூணாகும்?' என்று ஒரு சிறுவன் வாய்பிளக்கிறானே, அந்த வியப்புத்தான் நமக்கு வேண்டியது. எந்தத் தாவரத்தின் தண்டு வைரம் பாயும், எது பாயாது என்று அறிந்தவனுக்கு மட்டுமே அந்தக் கதை சுவைக்கும். அறியாதவனுக்கு அது வெறும் தூண்.

மரம், புதர், செடி என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் பகுப்பு எங்கிருந்து வந்தது? அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், கி.மு. 4-3ஆம் நூற்றாண்டுகளில், தாவரங்களை மரம், புதர், குறும்புதர், பூண்டு என நான்காக வகுத்தார். எல்லைகள் ஒன்றோடொன்று கலக்கும் என்பதையும் அவரே குறிப்பிட்டிருக்கிறார். பின்வந்தோர் பகுப்பை எடுத்துக்கொண்டனர், எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

குழந்தைகளுக்குத் தாவரவியல் கற்பிக்கும் முறைக்கோ இன்னும் அண்மைக்கால வரலாறு உண்டு. டார்வினின் ஆசிரியராகிய ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ, இங்கிலாந்தின் ஹிட்சம் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்தபோது, 1850களில் அவ்வூர்ப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தாவரவியல் கற்பித்தார். புத்தகத்தைக் கொண்டன்று, வயல்வரப்பிலிருந்து பறித்து வந்த பூக்களைப் பிரித்துக் காட்டி. அவர் 1861இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, க்யூ தோட்டத்தைச் சேர்ந்த டேனியல் ஆலிவர் 1864இல் ஒரு தொடக்கநிலை நூல் எழுதினார்; அதனையே இந்தியாவுக்கேற்ப மாற்றி 1869இல் இந்தியத் தாவரவியலின் முதல் நூல் ஒன்றையும் வெளியிட்டார். ஒரு கிராமத்து வகுப்பறை இப்படிக் கடல் கடந்து நம்மிடம் வந்தது. பின்னர் 1916இல் கே. ரங்காச்சாரி, இந்திய மாணவர்களுக்கான தொடக்கத் தாவரவியல் கையேட்டைச் சென்னையில் வெளியிட்டார். தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் தனிநூல் எழுதியவரும் அவரே. ஹென்ஸ்லோவின் முறையில் உயிரானது, கண்முன் உள்ள செடியைக் கையில் எடுப்பது. பாடநூல்களின் வழியே நமக்கு வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் பட்டியல்தான் என்பது எங்கள் மனக்குறை.

இனித் தொல்காப்பியத்திற்கு வருவோம். மரபியலில் தாவரங்கள் இரண்டே வகை. வெளிப்புறம் வன்மையுடையது புல். உட்புறம் வன்மையுடையது மரம். புறக்காழ், அகக்காழ் என்பன அவ்விலக்கணத்தின் சொற்கள். காழ் என்பது வைரம். இந்த அளவுகோலின்படி பனையும் தெங்கும் கமுகும் புல்லினம்! தமிழ்நாடு அரசு 1978இல் மாநில மரமாக அறிவித்த பனை, நம் மிகப் பழைய இலக்கண நூலின்படி மரமே அன்று. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அடுத்த கேள்வி அங்கேதான் பிறக்கும்.

காரணத்தைத் தச்சரிடம் கேட்கலாம். வேம்பை அறுத்தால் நடுவில் கருத்து இறுகிய வைரம் இருக்கும். அதைச் சுற்றி வெளிறு. பனையை அறுத்தால் ஓரத்தில்தான் கருநார்கள் செறிந்த வன்கட்டை, நடுவில் சோறு. ஓரத்தைப் பிளந்துதான் கூரைக்குப் பனங்கை எடுத்தார்கள். நடுவைக் குடைந்தெறிந்துதான் நீர் பாயும் தொட்டியாக்கினார்கள். இன்றைய தாவரவியல் இதற்கு விளக்கம் தருகிறது. வேம்பின் பட்டைக்குக் கீழே கேம்பியம் என்னும் வளர்படை ஒன்று வளையமாக உள்ளது. அது ஆண்டுதோறும் உட்புறமாகக் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகும். பழைய கட்டை நடுவில் இறுகி வைரமாகும். பனைக்கு அவ்வளையம் இல்லை. நீரும் உணவும் செல்லும் வாஸ்குலார் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் விலகியும் அமைகின்றன. ஆகவேதான் வேப்பம்பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகிறது; ஏறுவதற்குக் கொத்திய படிகளோடு தென்னையோ பல்லாண்டு வாழ்கிறது. ஆனால் அதன் குருத்தை வெட்டினால் கதை முடிந்தது.

இங்கே ஒரு தடையும் சொல்ல வேண்டும். ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். மரபியலைப் பிற்சேர்க்கை என்போரும் உண்டு. நூலின் காலம் பற்றிய வழக்கே இன்னும் தீரவில்லை. அதுவும் போகட்டும், தொல்காப்பியம் வித்திலையைப் பார்க்கவில்லை, தண்டைப் பார்த்தது. வித்திலையைக் கொண்டு தாவரங்களை வகைப்படுத்தியவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ரே. இரண்டு அளவுகோல்களும் பெரும்பாலும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன என்பதுதான் வியப்பு. தண்டின் அமைப்பும் விதையின் அமைப்பும் ஒரே பரம்பரையின் இரு அடையாளங்கள் என்பதால் அது நேர்கிறது. நம் முன்னோர் பார்த்தது எதுவோ அதைச் சொன்னார்கள். அதற்குமேல் அவர்கள் வாயில் நாம் சொல் திணிக்க வேண்டியதில்லை.

அதே மரபியல் உறுப்புப் பெயர்களையும் இரண்டாகப் பிரிக்கிறது. ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை போன்றவை புல்லுக்கு. இலை, தளிர், சினை, அரும்பு போன்றவை மரத்திற்கு. காயும் பழமும் இரண்டுக்கும் பொது. வாழ்க்கையில் ஒருமுறையேனும் 'தென்னை இலை' என்று சொல்லிப் பாட்டியிடம் திருத்தம் பெற்றவர்களுக்கு இது புதிதன்று. தேவநேயப் பாவாணர் இதை மேலும் விரித்தார். நெல்லின் அடி தாள்; கீரையினது தண்டு; சோளத்தினது தட்டை; கரும்பினது கழி; மூங்கிலினது கழை; புளியினது அடி. இலையிலும் அவ்வாறே. புளிக்கும் வேம்புக்கும் இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை. இவை வெறும் சொல்வளம் அல்ல. தோகை என்றவுடன் நீண்டு, நரம்புகள் இணையாக ஓடும் இலை கண்முன் வருகிறது. வலைப்பின்னல் நரம்புடைய இலையை யாரும் தோகை என்பதில்லை.

பாவாணரின் இக்கட்டுரை 2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால் மூன்றாம் வகுப்பு அறிவியலில் கையில் கரும்புத் தோகையோடு கற்றிருக்க வேண்டியது, பதினைந்து வயதில் மொழிப்பெருமையாக மனப்பாடத்திற்கு வருகிறது. இரண்டுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அதற்குள் சொல் இருக்கிறது, செடியைக் காணோம்.

அம்பத்தூர், ஆவடிப் பகுதியில் இந்த இழப்பு விரைந்தே நடந்தது. 1960களில் இங்கே தொழிற்பேட்டையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. ஏரிப்பாசன வயல்கள் மனைகளாயின. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. வேலை தந்த ஊர்களை நாம் குறை சொல்லவில்லை. நெல்லைக் காணாத பிள்ளைக்குத் தாள் என்றால் எழுதும் தாள் மட்டுமே என்பதைத்தான் சொல்கிறோம். ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. எஞ்சிய பனைகள் நிற்கட்டும். அவற்றின் அடியில் ஒரு வகுப்பாவது நடக்கட்டும்.

செலவு பெரிதில்லை. துவரையையும் உளுந்தையும் உடைத்தால் இரண்டு பருப்பு. நெல்லையும் கம்பையும் உடைத்தால் நொய்தான். இருவித்திலையும் ஒருவித்திலையும் அடுக்களையிலேயே இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டிலும் விளக்குமாறு உண்டு; அதன் ஒவ்வொரு குச்சியும் தென்னங்கீற்றின் நடுநரம்பு, தொல்காப்பியர் சொன்ன அதே ஈர்க்கு. அத்திப்பட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. அரிதாக நிகழ்வதை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அத்தி பூத்துக்கொண்டே இருக்கிறது. நாம் காய் என்று நினைப்பதைப் பிளந்தால் உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள். நுனியிலுள்ள சிறு துளை வழியே நுழையும் குளவி அங்கேயே மகரந்தம் சேர்த்து, அங்கேயே முட்டையிடுகிறது. மரம் எங்கேனும் எஞ்சியிருந்தால், கீழே விழுந்த ஒன்றை எடுத்துப் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள்.