வகுப்பறைக்கு வெளியே அனுப்பப்பட்ட கோபம்

வகுப்பில் விம்மி அழும் குழந்தையையும் பக்கத்துப் பிள்ளையை அடித்துவிடும் குழந்தையையும் என்ன செய்வது என்னும் கேள்விக்கு, 1936ஆம் ஆண்டில் பம்பாயின் இரு மூலைகளில் இரு வேறு விடைகள் தேடப்பட்டன. ஒன்று நாக்பாடா, மற்றொன்று மாட்டுங்காவை ஒட்டிய தாதர்.

நாக்பாடாவில் சமூகப் பணி செய்துவந்த அமெரிக்கர் கிளிஃபர்ட் மன்ஷார்ட், தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் துணையுடன் அவ்வாண்டு சமூகப்பணிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டே மருத்துவர் கே.ஆர். மசானியின் பொறுப்பில் அங்குக் குழந்தை வழிகாட்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுவே. இதன் மூலக்கருத்து 1909இல் சிகாகோவில் வில்லியம் ஹீலி தொடங்கிய பணியிலிருந்து வந்தது. குழந்தையின் முரட்டுத்தனம் பாவமன்று, அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப்பணியாளர் ஆகிய மூவரும் கூடி ஆராய வேண்டும் என்பதே அது. பிரம்பும், 1924ஆம் ஆண்டின் பம்பாய்க் குழந்தைகள் சட்டத்தின்வழி வந்த காப்பகமுமே கைவசமிருந்த நகரில் இது சிறிய மாற்றமன்று. ஆனால் இம்முறையில் குழந்தை வகுப்பைவிட்டு வெளியே சென்றாக வேண்டும். கோபம் ஆசிரியரின் கையிலிருந்து வல்லுநரின் கோப்புக்கு இடம் மாறுகிறது.

தாதரில் நிகழ்ந்தது வேறு. பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1936இல் பம்பாய் திரும்பி அங்குச் சிசு விஹாரை நிறுவினார். இந்த மரபின் நேர்மையை அறிய, கிஜுபாய் எழுதிய ‘திவாஸ்வப்னம்’ நூலின் தொடக்கமே போதும். அதில் வரும் புதிய ஆசிரியர், மாண்டிசோரியின் மௌன விளையாட்டை நம்பி நான்காம் வகுப்புக்குள் நுழைகிறார். பிள்ளைகளோ கூச்சலிட்டுக் கலைத்துவிடுகின்றனர். முதல் நாள் முழுத் தோல்வி. அடுத்த நாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு தானே அடங்குகிறது. அமைதியைக் கட்டளையாக இட முடியாது, ஈடுபாட்டின் விளைவாகவே அது வரும் என்பதைத் தம் தோல்வியின் வழியாகவே காட்டிய கல்வி நூல்கள் மிகச் சில. (இன்றைய பயிற்சிக் கையேடுகளில் தோல்விக்கு இடமே இருப்பதில்லை.) இங்கே எந்தக் குழந்தையும் வெளியே அனுப்பப்படவில்லை, மாறியது ஆசிரியரின் செயல். பின்னாளில் போர்டியில், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிக் குடிசைகளின் முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுசென்ற தாராபாயின் ‘அங்கண்வாடி’யும் இதே தருக்கத்தின் நீட்சிதான்.

நாக்பாடாக் கல்லூரிக்கு 1941இல் இயக்குநரானவர் ஜே.எம். குமரப்பா, காந்தியப் பொருளியலர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்த தமிழர். 1944இல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்று, 1954இல் செம்பூரை அடுத்த தேவனாருக்கு இடம்பெயர்ந்தது. தாராவியும் மாட்டுங்காவும் அங்கிருந்து தொலைவில் இல்லை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் தொழிலில் ஈடுபட்ட குடும்பங்கள் வாழும் தாராவியில், மாநகராட்சியின் தமிழ்வழி வகுப்புகளும் நெடுங்காலமாக உண்டு.

மருத்துவமனை முறைக்குப் பேச்சே முதன்மைக் கருவி என்பதால், இங்கே மொழியின் சிக்கல் எழுகிறது. அச்சத்தை அச்சம் என்று சொல்லும் ஏழு வயதுப் பிள்ளை அரிது. ‘வயிறு வலிக்குது டீச்சர்’ என்றுதான் அது வெளிப்படும். அந்த வயிற்று வலியின் பொருளை மராத்தியிலோ ஆங்கிலத்திலோ குறிப்பெடுக்கும் வல்லுநரைவிட, தெருவையும் வீட்டையும் அறிந்த தமிழாசிரியை விரைவில் உணர்வார். எனினும் வழிகாட்டு மருத்துவமனை மரபில் ஆசிரியர் பெரும்பாலும் குழந்தையை அனுப்பிவைப்பவராகவே கருதப்பட்டார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. பிரம்பு கீழே வைக்கப்பட்ட அந்தக் கணத்தில் கை எதைச் செய்ய வேண்டும் என்பதை அப்பிரிவு கூறவில்லை. சிகாகோ முறையில் ஒரு குழந்தைக்காக மூவர் கூடி அமர்ந்தனர். இச்சட்டத்தின் அட்டவணையோ தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரை வைக்கிறது.