புண்ணுக்கு ஏற்ற கட்டு

சிறுவனாக இருந்தபோது, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு நான் வீடு திரும்பினால், "காற்றுப்பட விடு, காய்ந்தால் ஆறிவிடும்" என்பார் என் பாட்டனார். நெடுங்காலம் நான் அதை ஐயுறவில்லை. புண்ணுக்குக் கட்டுப்போடும் கலையின் வரலாற்றைப் படித்த பின்னரே, ஐயுறாது ஏற்ற சொற்கள் மனிதருக்கு எத்துணைத் துன்பம் விளைத்தன என்பது எனக்குப் புலனாயிற்று.

16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்க்களங்களில் துப்பாக்கி பெருகிற்று. வெடிமருந்து புண்ணில் நஞ்சேற்றுகிறது என்று மருத்துவ நூல்கள் கூறின. அந்நஞ்சை அழிக்கக் கொதிக்கும் எண்ணெயைப் புண்ணில் ஊற்றினர். வட இத்தாலியில் தூரின் நகரை ஒட்டி நிகழ்ந்த போரில், பிரெஞ்சுப் படையுடன் சென்றிருந்த அம்புருவாஸ் பாரே என்னும் இளம் அறுவை வைத்தியரிடம் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சட்கரு, ரோஜா எண்ணெய், டர்ப்பண்டைன் ஆகியவற்றைக் குழைத்துப் பூசினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் கொள்ளவில்லை. எண்ணெய் பெறாதவர்கள் நஞ்சேறி மாண்டிருப்பரோ என்று அஞ்சி, அதிகாலையிலேயே எழுந்து சென்று பார்த்தார். களிம்பு பூசப்பெற்றவர்கள் வலி குறைந்து, வீக்கமின்றி இருந்தனர். எண்ணெய் ஊற்றப்பெற்றவர்களோ காய்ச்சலாலும் வலியாலும் துடித்தனர். இனி எவர் புண்ணையும் எண்ணெயால் சுடுவதில்லை என்று உறுதி பூண்ட பாரே, 1545-இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார்.

ஆயினும், கட்டிய புண்கள் அழுகுவது நிற்கவில்லை. அதற்குக் காரணம் கிருமிகளே என்பதைப் பாஸ்டரின் ஆராய்ச்சியிலிருந்து உணர்ந்தவர் ஜோசப் லிஸ்டர். 1865-இல் கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்கு, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். முறிவுடன் தோலும் கிழிந்திருந்தால், காலையே வெட்டி எடுப்பது அக்கால வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். ஆறு வாரங்களில் அச்சிறுவன் தன் காலாலேயே நடந்து வீடு திரும்பினான்.

என் பாட்டனாரின் சொல்லுக்கு விடை 1962-இல் கிடைத்தது. ஜார்ஜ் விண்டர் என்னும் ஆராய்ச்சியாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய சிறு புண்களுள் சிலவற்றைக் காற்றில் உலர விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். ஈரம் காக்கப்பெற்ற புண்களில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவில் படர்ந்தது. உலர்ந்த பொருக்கு, வளரும் தோலுக்குத் தடையாக நின்றது.

மாணவ நண்பர்களே, புண்ணை ஆற்றுவது உடலே. அதைச் சுடாமல், கிருமி புகாமல், அளவான ஈரம் வற்றாமல் காத்து நிற்பதே நல்ல கட்டு. இதனை அறிய நமக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின. பாரேயும் நூல்களை நம்பியவர்தாம். ஆனால் விடியற்காலையில் எழுந்து சென்று, தம் கண்ணால் பார்த்தார்.