நாக்குக்கும் கணக்கு உண்டு

அரசியல் தலைவர்கள் ஜனங்களின் ஆரோக்கியத்தைப் பற்றிப் போகிற போக்கில் எதையாவது சொல்லிவிட்டால், அவர்களைப் பொறுப்பாளியாக்கலாமா? இந்த வழக்கை விசாரிக்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. பிரதிவாதி சாமானியரல்ல, சாக்ஷாத் ராஜாஜி!

1948-ல் கிண்டியில் பி.ஸி.ஜி. மருந்து தயாரிக்கும் நிலையம் ஏற்பட்டது. க்ஷயரோகத்தைத் தடுக்க ஊரூராகப் போய்க் குழந்தைகளுக்கு ஊசி குத்தினார்கள். 1955-ல் ராஜாஜி அதை எதிர்த்துச் சிறு புத்தகமே எழுதினார். ஆரோக்கியமான குழந்தையின் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா என்பது அவர் கட்சி. அப்போது அவர் முதல் மந்திரி அல்ல. ஆனால் பதவி போனால் வாக்கின் கனம் போய்விடுமா, என்ன? ராஜாஜியே வேண்டாம் என்கிறார் என்றால், எந்தத் தாய்தான் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்ள மாட்டாள்? இருந்தாலும் மத்திய சர்க்கார் பின்வாங்கவில்லை, ஊசி தொடர்ந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1968-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் சுமார் 2,60,000 பேரைக் கொண்டு ஒரு மாபெரும் பரிசோதனை தொடங்கியது. நான் குடியிருக்கும் நெமிலிச்சேரியும் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1979-ல் முடிவு வெளியாயிற்று: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை பி.ஸி.ஜி. தடுக்கவில்லை! ராஜாஜி 1972-லேயே காலமாகிவிட்டார்.

அப்படியானால் அவர் ஜயித்தாரா? அதுவும் இல்லை. விஷம் என்று அவர் அஞ்சினார். அது விஷமல்ல, எல்லா அம்புகளையும் தாங்காத கேடயம், அவ்வளவுதான். சிசுக்களின் மூளையைத் தாக்கும் க்ஷயத்தை அது தடுக்கிறது. ஆகவேதான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளின் இடது தோளில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

இன்னொரு வழக்கையும் பாருங்கள். தென்னாப்பிரிக்க ஜனாதிபதி தாபோ எம்பெக்கி, எய்ட்ஸ் நோய்க்குக் கிருமிதான் காரணமா என்று சந்தேகப்பட்டார். சந்தேகத்தோடு நின்றாரா? அவர் சர்க்கார் மருந்தையும் தாமதப்படுத்தியது. தாயிடமிருந்து சிசுவுக்கு நோய் தொற்றாமல் காக்கும் மருந்தைக் கொடுக்கும்படி 2002-ல் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. அந்தத் தாமதத்தால் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. ராஜாஜி பெயர் போட்டு, காரணம் காட்டி, அச்சில் எழுதினார்; மறுக்க நினைத்தவர்களுக்கு அதில் வழி இருந்தது. மற்றவரோ அதிகாரத்தைக் கொண்டு மருந்துக்கே குறுக்கே நின்றார்.

பேச்சுக்காகச் சிறையில் தள்ளலாம் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். அந்தப் பயத்தில் நல்ல கேள்வி கேட்பவனும் வாயை மூடிக்கொள்வான். மருந்தைத் தடுக்கிறவனை நீதிமன்றம் கேட்கட்டும். வெறுமனே பேசுகிறவனை நாம் கேட்போம்: “ஐயா, எதை வைத்துச் சொன்னீர்?” தவறென்று தெரிந்தால், கைதட்டல் வாங்கிய அதே மேடையில், அதே குரலில் அவர் திருத்திச் சொல்ல வேண்டும். காதோடு காதாகச் சொன்னால் அது கணக்கில் சேராது.