இரண்டு வில், ஒரு செவி

மசினகுடியிலிருந்து மாவனல்லா செல்லும் சாலையோரத்தில் மாலை நேரங்களில் புள்ளிமான்கள் மேயும். பேருந்தின் இரைச்சலுக்கு அவை தலை தூக்குவதில்லை. புதருக்குள் ஒரு காய்ந்த சுள்ளி முறிந்தால் போதும், அத்தனை செவிகளும் ஒரே பக்கம் திரும்பிவிடும். மரபு வில்லையும் கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்லையும் எடைபோட அந்தச் செவியைவிட நல்ல அளவுகோல் கிடையாது என்பது என் எண்ணம்.

இந்தக் காட்டில் இன்று இரண்டுக்குமே வேலை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லை வரையறுக்கும் இடத்தில் துப்பாக்கி, நஞ்சு, வலை, கண்ணி ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் சேர்த்தே பட்டியலிடுகிறது. அந்த வில் மூங்கிலா அலுமினியமா என்று சட்டம் கேட்பதில்லை. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இரண்டும் ஒரே குற்றம். ஆகவே வேட்டைக்கு எது உகந்தது என்பதல்ல நம் கேள்வி; ஒவ்வொரு வில்லும் ஏந்துபவனிடம் எதைக் கேட்கிறது என்பதே.

முதலில் வம்சாவளி. மரபு வில் என்றதும் முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லைத்தான் இன்றைய விளையாட்டுலகம் நினைக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் வில்லுக்குப் பேர்போன முள்ளுக்குறும்பரும், அதை ஒட்டிய வயநாட்டுக் குறிச்சியரும் ஏந்திய வில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கொம்பையும் தசைநாரையும் பசையால் ஒட்டிச் செய்த வளைமுனை வில் வறண்ட புல்வெளி நாடுகளின் பிள்ளை. மாதக்கணக்கில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பசை நிலைக்காது. மழைநாட்டுக்கு மூங்கிலும் மரமும்தான் தோது. ஆளுயர வில்லைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி, நாணை இழுக்கும் இந்தியப் போர்வீரர்களைக் கிரேக்க எழுத்தாளர் அரியன் விவரித்திருக்கிறார். நீளமான வில், ஒரே பொருள், எளிய வளைவு: அதுவே இந்த நிலத்தின் விடை.

ரிகர்வ் வில்லுக்கும் காம்பவுண்டுக்கும் உள்ள உறவோ தாய் மகள் உறவு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் ஒரு ரிகர்வ் வில்லின் இரு முனைகளையும் அறுத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் கப்பிகளைப் பொருத்தினார். 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. முனையின் வளைவு அரைகுறையாகச் செய்துவந்த வேலையைக் கப்பி முழுதாகச் செய்தது. அது என்ன வேலை?

மூங்கில் வில்லை இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். குறி பார்க்கவேண்டிய அந்தக் கணத்தில்தான் தோளில் முழுப் பாரமும் இருக்கும். அதனால் மரபு வில்லாளி நாணை இழுத்து வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை. யோசனை எல்லாம் இழுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காம்பவுண்டில் கனம் ஏறி, உச்சம் கண்டு, கப்பி உருண்டதும் சரிந்துவிடும். 60 பவுண்டு வில், நாண் முழுதும் பின்னுக்கு வந்த நிலையில் ஏறத்தாழ 12 பவுண்டாகக் கையில் இருக்கும். மான் மரத்தின் மறைவுக்குள் போகும்போது இழுத்து, அது வெளியே வரும்வரை காத்திருக்கலாம். புதிய வில் கூடுதலாகத் தருவது பலம் என்று எல்லோரும் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய கொடை அவகாசம். வேட்டையாடுபவனைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இழுக்கும் கையின் அசைவு. அந்த அசைவை முன்கூட்டியே முடித்துவிட இது இடம் தருகிறது.

இப்போது செவிக்கு வருவோம். மர வில்லின் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் பறக்கும் என்று வைத்துக்கொள்வோம். காம்பவுண்டின் அம்பு 85 மீட்டர். நாண் அதிரும் ஓசையோ நொடிக்கு 340 மீட்டர். 25 மீட்டர் தொலைவில் நிற்கும் மானை ஓசை 0.07 நொடியில் எட்டும். மர வில்லின் அம்பு வந்துசேர அரை நொடி ஆகும், காம்பவுண்டின் அம்புக்கு 0.3 நொடி. பாய நினைக்கும் மான் முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். அந்தத் தாழ்விலேயே அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். ஓசைக்கும் அம்புக்கும் இடைப்பட்ட நேரமே மானின் சொத்து. கணக்குப் போட்டுப் பார்த்தால், காம்பவுண்டால் 50 மீட்டரிலிருந்து எய்பவன், மர வில்லால் 25 மீட்டரிலிருந்து எய்பவன் தரும் ஏறத்தாழ அதே அவகாசத்தைத்தான் மானுக்குத் தருகிறான்.

கப்பி, கேபிள், உருப்பெருக்கும் குறிநோக்கி எல்லாம் சேர்ந்து வாங்கித் தந்தது இன்னொரு 25 மீட்டர். அந்தக் கூடுதல் தொலைவையும் மசினகுடியைச் சுற்றி உண்ணிச்செடி மண்டிய சிகூர்ப் பீடபூமியின் புதர்க்காடு அவ்வளவு சுலபமாகத் திறந்துவிடாது. காற்றின் திசை பார்ப்பது, காலடி ஓசை அடக்குவது, விலங்கின் வழக்கமான தடம் அறிவது என்று மூங்கில் வில்லாளி கற்ற பாடம் முழுவதையும் கப்பி வில்லாளியும் கற்றே தீரவேண்டும். துப்பாக்கி இந்தப் பாடத்தின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. காம்பவுண்ட் வில்லால் முடியவில்லை. 1960களில் பிறந்த ஓர் இயந்திரத்தை அதன் தொன்மையான மூதாதையோடு கட்டிப்போட்டிருப்பது ஒரு மானின் காது.

அம்பு செய்யும் வேலையிலும் இரண்டு வில்லும் ஒன்றே. தோட்டா அதிர்ச்சியால் வீழ்த்துகிறது, அம்பு அறுத்துக்கொண்டு போகிறது. மறுபக்கம் ஊடுருவிப் போனால் விலங்கு விரைவில் சாயும் வாய்ப்பு அதிகம். இல்லையேல் குருதித் தடத்தை மணிக்கணக்கில் தொடரவேண்டி வரலாம். இதை நம் புலவர்கள் அறிந்தே பாடினார்கள் என்று தோன்றுகிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வேட்டையில், வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்ப் படுகிறது. எண்ணிக்கை மிகைதான். ஆனால் அம்பின் பெருமையை அடித்து நொறுக்குவதில் வைக்காமல் ஊடுருவுவதில் வைத்தது கூரிய கவனிப்பு. இன்றைய காம்பவுண்ட் வேட்டைக்காரரும் தம் வில்லை மதிப்பிடுவது அதே அடையாளத்தை வைத்துத்தான்.

வேறுபாடு வலுப்பது பழுது நேரும்போது. மூங்கில் வில் ஒடிந்தால் காட்டிலேயே இன்னொரு மூங்கில் இருக்கிறது. காம்பவுண்டின் நாண் கப்பியிலிருந்து நழுவினால், வில்லை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். அதுவரை அது வெறும் உலோகம். முன்னதன் பட்டறை காடு, பின்னதோ காட்டிலும் ஒரு பட்டறையைச் சார்ந்தது. 1802 அக்டோபரில் குறிச்சிய வீரர் தலைக்கல் சந்துவும் எடச்சேன குங்கனும் பனமரத்திலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கியபோது, ஊரில் செய்துகொள்ளக்கூடிய வில் எத்தகைய பலம் என்பதைக் கம்பெனி அறிந்துகொண்டது.

வேட்டை போனபின் வில் எங்கே போயிற்று? இலக்குப் பலகைக்கு முன்னால் போய் நின்றது. மூங்கில் வில்லோடு வளர்ந்த ராஜஸ்தானின் லிம்பா ராம் ரிகர்வ் ஏந்தி 1988, 1992, 1996 ஒலிம்பிக் போட்டிகளில் நின்றார். ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கத்தையும் இந்தியா அள்ளியது. கைகள் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணி வெண்கலம் வென்றதும் காம்பவுண்டில்தான். இங்கேயும் ஒரு சமன்பாடு ஒளிந்திருக்கிறது. ரிகர்வ் வில்லுக்கு 70 மீட்டரில் 12.2 சென்டிமீட்டர் நடுவட்டம். காம்பவுண்டுக்கு 50 மீட்டரில் 8 சென்டிமீட்டர். எய்பவரின் கண்ணிலிருந்து பார்த்தால் இரு வட்டங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

எதையும் கொல்லாத வில்லை நீலகிரி வெகுகாலமாகவே அறியும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக மேலே ஏறினால் தோடர்களின் மந்துகள் எனப்படும் குடியிருப்புகள். எருமை வளர்ப்பவர்கள், வேட்டையாடாதவர்கள், புலால் உண்ணாதவர்கள். ஆயினும் பெண் கருவுற்றிருக்கும்போது, மரத்தில் குடைந்த மாடத்தில் விளக்கேற்றி, குச்சியை வளைத்த சிறு வில்லையும் புல்தண்டு அம்பையும் ஓர் ஆண் அவளுக்குக் கொடுக்கும் சடங்கு அவர்களிடம் உண்டு. 1906இல் வெளிவந்த நூலில் மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இதை விரிவாகப் பதிவு செய்தார். சகோதரர்கள் பலர் ஒரு பெண்ணை மணந்திருந்த அந்தக் காலத்தில், வில்லைக் கொடுத்தவனே பிள்ளைக்குத் தந்தை. அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவனே தந்தை. அவன் இறந்து ஆண்டுகள் பல கடந்தாலும், வேறொருவன் வந்து இன்னொரு வில்லைக் கொடுக்கும்வரை பிறக்கும் குழந்தைகள் அவன் பெயருக்கே உரியவை.