தோல், டிரான்சிஸ்டர், உறுமி

தமிழ் ஒலித்தடம் – 17

ஒலிப்பதிவுக் கருவி என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே முழவொலியைப் பதிவு செய்து வைத்தவர் அருணகிரிநாதர். 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர். இன்று கிடைக்கும் 1,300க்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களில் போர்க்களம் வரும் இடங்களைப் பாருங்கள். பூதகணங்கள் பறையும் உடுக்கையும் முரசும் கொட்டுகின்றன. அந்த ஓசைகளை அவர் அசை அசையாக எழுதியே காட்டிவிடுகிறார். வல்லினம் அடர்ந்து வருகையில் குச்சி தோலில் படுவது கேட்கிறது. மெல்லினத்தில் முடிகையில், அடிக்குப் பின் தோலில் நிற்கும் கார்வை கேட்கிறது.

இந்தப் பகுப்பு தமிழ்த் தாளக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். மிருதங்கம் கற்கும் பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லித்தான் பழகுகிறது. ‘த’ என்றால் அடைத்த அடி. ‘தொம்’ என்றால் இடந்தலையின் திறந்த கார்வை. கணினியில் புதிய தாள ஒலி உருவாக்குபவர் முதலில் பிரித்துக்கொள்வதும் இதே இரண்டைத்தான்: அடி, கார்வை. முதலாவது சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். இரண்டாவது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தச் சுருதியில் நிற்க வேண்டும் என்பதில்தான் ஒலியின் குணம் இருக்கிறது.

ஆனால் அதே திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருபவர் காதில் விழும் பல பக்திப் பாடல்களில், தாளம் கீபோர்டுக்குள் தயாராக வந்த தாளம்தான். அந்த ஒலிகள் எங்கிருந்து வந்தன? நம் ஊர்த் தோல்கள் அவற்றுக்குள் நுழைந்தது எப்போது? இந்த வாரம் அந்தக் கதை.

முதலில் தோல். வட்டமான தோலை இழுத்துக் கட்டி அடித்தால், அடிப்படை அதிர்வோடு 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்ற விகிதத்தில் மேலதிர்வுகள் எழும். பெரும்பாலான முரசுகளில் சுருதி தெளிவாக நிற்காததற்குக் காரணம் இதுதான். மிருதங்கத்தின் வலந்தலையோ பாடகரின் சுருதியோடு சேர்ந்து நிற்கிறது. ஏன்?

1920இல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து லண்டனின் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை எழுதினார். தோலின் நடுவே அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றப்படும் கரணை, ஒழுங்கற்ற அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நோபல் பரிசுக்குப் பிறகும் ராமன் இதை விடவில்லை. 1930களில் பெங்களூரிலிருந்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இந்த நுட்பத்தைக் கைப்பழக்கத்திலேயே வைத்திருந்தவர்கள் தோல் பதப்படுத்தி, கல்லை அரைத்து, கரணை போட்ட தொழிலாளர்கள். தஞ்சாவூரின் செபாஸ்டியன் குடும்பம் போன்றவர்களின் வரலாறு டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ நூலில் 2020இல்தான் அச்சேறியது.

அடுத்தது டிரான்சிஸ்டர். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் தோலும் இல்லை, பதிவு செய்த ஒலியும் இல்லை, எல்லாமே மின்சுற்று. அதன் பேஸ் டிரம் என்பது சுமார் 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்து மெல்ல அடங்கும் ஓர் அலை. கைதட்டல் என்பது வடிகட்டிய இரைச்சல். தகடு போல ஒலிக்கும் ஹை-ஹேட், சுருதி சேராத ஆறு சதுர அலைகளின் கலவை. நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி, தரச் சோதனையில் கழித்துக் கட்டிய டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கினார். அவற்றின் இரைச்சல்தான் அவருக்கு வேண்டிய சரசரப்பைத் தந்தது. உற்பத்தி நுட்பம் மேம்பட்டு அப்படிப்பட்ட பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போனபோது, சுமார் 12,000 எந்திரங்களோடு 1983இல் 808 நின்றுபோனது.

அதே 1980இல் அமெரிக்காவில் ராஜர் லின் எதிர்த் திசையில் நடந்தார். உண்மையான டிரம்ஸை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அந்த ஒலியைச் சில்லுகளில் ஏற்றி, எல்எம்-1 என்ற எந்திரமாக்கினார். விலை ஏறத்தாழ 5,000 டாலர். ஒலியைச் சுற்றிலிருந்து ஆக்குவது, இருக்கும் ஒலியைப் பிடித்து வைப்பது: மின்னிசைத் தாளத்தின் இரண்டு வழிகளுக்கும் ஒவ்வோர் எந்திரம் ஒரே ஆண்டில் கடைக்கு வந்துவிட்டது.

இந்தியா இதில் பிந்தியிருக்கவில்லை. 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் எழுந்தது. அமைக்க உதவியவர் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் ட்யூடர். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே 1972 வரை செய்த பதிவுகள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து, பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞரின் முயற்சியால் 2023இல் இசைத்தொகுப்பாக வந்தன. 1982இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 808இன் தாளத்தின் மேல் 10 ராகங்களை வைத்து ஒரு தட்டு வெளியிட்டார். அன்று அதைக் கவனித்தவர்கள் சிலரே. 2010இல் மறுவெளியீடு வந்தபோதுதான், மேற்கின் கிளப் இசைக்கு முன்னோடி என்று உலகம் அதைக் கொண்டாடியது. ஆனால் அந்தத் தட்டில் ராகம் நம்முடையது, தாள ஒலி 808இனுடையது.

சென்னையில் கதை வேறு மாதிரி நகர்ந்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி சீக்வென்சரைப் பயன்படுத்தினார். பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசித்துப் பாட்டு பதிவான காலம் அது. 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவை அமைத்தார். சொந்த ஸ்டுடியோ கொடுத்தது நேரத்தை. வாத்தியக்காரர் ஒருவரை மட்டும் உட்கார வைத்து, ஒரே அடியை வேறு வேறு விதமாகப் பதிவு செய்து, பிறகு கணினித் தாளத்தோடு அடுக்கிப் பார்க்கலாம். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது தமிழ்நாடு கேட்ட புதுமையில் இந்த அடுக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் அந்த நுணுக்கத்தைத் திரையரங்கு வரை சேதமில்லாமல் கொண்டுபோனார். தண்ணீர் கேனையும் சூட்கேஸையும் வாத்தியமாக்கும் டிரம்ஸ் சிவமணி, எதை அடித்தாலும் ஒலி இருக்கிறது என்று மேடைதோறும் காட்டினார்.

இனி உறுமி. இதன் வலந்தலையைக் குச்சியால் அடிப்பார்கள். இடந்தலையை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கக் கார்வையின் சுருதி ஏறி இறங்கும். 808இன் ஆழ்ந்த ஒலியை நீட்டிச் சறுக்க விடுவது பின்னாளில் உலகெங்கும் ராப் இசையின் அடையாளமானது. உறுமி அந்தச் சறுக்கலைத் தோலிலேயே வைத்திருந்தது. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ., 2006இல் சென்னைக்கு வந்து தாளக்காரர்களின் குழுவைப் பதிவு செய்தார். தாயின் பெயரைச் சூட்டி 2007இல் அவர் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பில் உறுமி பின்னணி அலங்காரமாக ஒதுங்கி நிற்கவில்லை. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாடல்களைத் தள்ளிக்கொண்டு போவதே அதுதான். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவோ பறையையும் சட்டியையும் கட்ட மோளத்தையும் கிதாரோடும் டிரம்ஸோடும் சமமாக நிறுத்தியது. இழவு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டவை முன்வரிசைக்கு வந்தன.

இப்போது திருவண்ணாமலைக்கே திரும்பலாம். செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் வளர்த்த தெருக்கூத்தின் ஊர். விடிய விடிய நடக்கும் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும் மிருதங்கமும் டோலக்கும் கச்சேரி மேடையில் கேட்பவை அல்ல. செஞ்சியைத் தாண்டினால் மேல்மலையனூர். அங்காளம்மன் முன் பம்பையும் உடுக்கையும் முழங்கும். பம்பையின் இரட்டை உருளைகளில் ஒன்று மரம், ஒன்று வெண்கலம். உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தினால் சுருதி வளையும். ஒரு பேருந்துப் பயணத்துக்குள் இத்தனை ஒலிகள் இருக்கின்றன.

இவற்றிலிருந்து புதிய ஒலி செய்வது எப்படி? பறையை எடுத்துக்கொள்வோம். தீயில் காய்ச்சும் முன் ஒரு முறை, காய்ச்சியதும் ஒரு முறை பதிவு செய்ய வேண்டும். சூட்டில் இறுகிய தோல் சிறிது நேரத்தில் இளகிவிடும். அந்த இளகும் நிலை மூன்றாவது ஒலி. சுண்டுகுச்சியின் சுள்ளென்ற ஓசைக்கு ஒரு மைக் தோலருகே, அடிகுச்சியின் கனத்துக்கு இன்னொன்று சில அடி தள்ளி. மெல்லிதாகவும் வலுவாகவும் பல அடிகள் வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பிறகு கணினியில் அடியையும் கார்வையையும் வெட்டிப் பிரிக்கலாம். பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரு மடங்காகும்; பறைக்குள் மறைந்திருந்த பேஸ் வெளியே வரும். அதன் அடியில் 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றைச் சேர்த்து, தொடக்கத்தில் மட்டும் அதன் சுருதி மேலிருந்து சட்டென இறங்கும்படி வைத்தால் நெஞ்சில் இடிக்கும். மேலே பம்பையின் வெண்கலத் தெறிப்பை மெல்லிதாக வைக்கலாம். அருணாசலேஸ்வரர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில், நிர்வாகத்தின் அனுமதியோடு, ஒரே ஒரு கைதட்டல் எழுப்பி அதன் எதிரொலியைப் பதிவு செய்தால், எந்த அடியையும் அந்தக் கல்தூண்களுக்கு நடுவே ஒலிக்க வைக்கும் மென்பொருள்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. 808இன் வழியும் எல்எம்-1இன் வழியும் இங்கே ஒன்று சேர்கின்றன.

அப்படி உருவாகும் ஒலிக் கோப்பில் ‘பறை 1’, ‘பறை 2’ என்று மட்டும் எழுதி வைப்பது அநியாயம். அடித்தவர் பெயர், அவர் ஊர், தோல் கட்டியவர் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். விற்பனைக்குப் போனால் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும் வேண்டும். கரணை போட்ட கைகள் நூலில் ஏற எத்தனை காலம் பிடித்தது என்று பார்த்தோம். இப்போது பதிவாகும் ஒலிகளிலாவது முதல் நாளே அதை எழுதிவிடலாம். சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் மடிக்கணினியில் தாளம் செய்யும் இளைஞர்களால் இது முடியும்.

(தொடரும்)

அடுத்த இதழில்: பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் தொடங்கிய ரேடல் நிறுவனமும், கச்சேரி மேடையில் மின்னணுத் தம்பூரா இடம்பிடித்த கதையும்.