மஜ்ஜையில் கிடைத்த தடயம்

உடலின் எதிர்ப்புச் சக்தி அதன் செல்களையே தாக்கும் லூபஸ் நோயின் வரலாறு உண்மையில் திரும்பிய ஆண்டு 1948. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: வேறொரு செல்லின் உட்கருவை விழுங்கி, அந்த ஊதா உருண்டையால் தன் உட்கருவே ஓரத்துக்குத் தள்ளப்பட்ட வெள்ளையணு. லூபஸ் தோலோடு நிற்கும் நோயல்ல என்று தோல் மருத்துவர் கபோசி 1872-இலேயே எழுதிவிட்டாரே எனக் கேட்கலாம். எழுதினார்தான், ஆனால் அதை ரத்தத்தில் காட்ட அவரிடம் சோதனை இல்லை. 1921-இல் வெஸ்டர்கிரென் செம்மைப்படுத்திய ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) சோதனை, அழற்சி உண்டென்று சொல்லும், எந்த நோயென்று சொல்லாது. 1930-இல் நிமோனியா நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதமோ, லூபஸ் தீவிரமாகும்போதும் பலருக்கு அவ்வளவாக ஏறுவதில்லை. மஜ்ஜையில் கிடைத்த அந்தத் தடயம்தான் தேடலை உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் பக்கம் திருப்பியது. பின்னாளில் நோயாளிகளின் உடன்பிறந்தோர் சிலரது ரத்தத்திலும் அவை தென்பட்டன. ரிப்போர்ட்டைப் பார்த்து அஞ்சும் குடும்பங்களுக்கு டாக்டர்கள் முதலில் சொல்ல வேண்டியது இது: அப்படித் தென்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதே இல்லை.